நெட்வொர்க்கிங் என்றாலே ஒதுங்கிப்போன 14 வருடம். தப்பு பண்ணிவிட்டேனா?

அடிக்குறிப்பு எழுதியது:

வணக்கம். வழக்கமாகப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிற ஆள் நான். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

பங்கு முதலீட்டுத் துறைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. முதல் 3 வருடம் ஒரு தரகு நிறுவனத்தில் ரிசர்ச். அதற்கப்புறம் ஒரே ஃபண்ட் நிறுவனம், அனலிஸ்ட்டாகச் சேர்ந்து இப்போது சீனியர் அனலிஸ்ட். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் என் பொறுப்பு. ஆண்டறிக்கையை, அடிக்குறிப்புகள் இருக்கும் பின்பக்கத்திலிருந்து படிக்கிற பழக்கத்தால்தான் இங்கே இந்தப் பெயர்.

போன மாதம் துணை ஃபண்ட் மேனேஜர் இடம் ஒன்று காலியானது. அது எனக்குத்தான் என்று என்னோடு டீமில் பாதிப் பேரும் நினைத்திருந்தார்கள். வேறொருவருக்குப் போய்விட்டது. அவர் கெட்டிக்காரர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்னைவிட 5 வருடம் ஜூனியர்.

மனசு கேட்காமல் தலைமை முதலீட்டு அதிகாரியிடம் நேராகவே கேட்டேன். "உங்கள் வேலையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் முடிவெடுத்த நாலு பேரில் மூன்று பேருக்கு உங்களை அவ்வளவாகத் தெரியவில்லை" என்றார். 11 வருடமாக ஒரே மாடியில் உட்கார்ந்திருக்கிறோம்!

மாநாடு முடிந்ததும் எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். சி.எஃப்.ஏ. (முதலீட்டு ஆய்வாளர்களுக்கான தகுதி) சங்கத்துக்கு சந்தா கட்டுவேன், கூட்டத்துக்குப் போனதில்லை. எண்கள் நன்றாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் வெட்டிப்பேச்சு என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். இந்தத் துறையை நான் தேர்ந்தெடுத்ததற்கே அதுதான் காரணம். பங்கு ஏறினால் ஏறியது, இறங்கினால் இறங்கியது, அதில் யார் முகத்துக்கும் வேலை இல்லை.

இவ்வளவு தாமதமாக இதையெல்லாம் கற்றுக்கொள்ள முடியுமா? கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா? பெண்கள் என்ன சொல்கிறீர்கள்? ஆண்களும் சொல்லலாம்.

---

நள்ளிரவு_மாடல் எழுதியது:

உங்கள் நிறுவனம் சரியில்லை, அவ்வளவுதான். வேறு இடம் பாருங்கள்.

ஜெரால்டின் வைஸ் கதை தெரியும்தானே? 1966-இல் ஈவுத்தொகையை வைத்துப் பங்கு தேர்ந்தெடுக்கும் செய்திமடல் ஆரம்பித்தார். பெண் எழுதுகிறாள் என்றால் சந்தா வராது என்பதால் "ஜி. வைஸ்" என்று கையெழுத்துப் போட்டார். 1977-இல் தொலைக்காட்சியில் வந்த பிறகுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. அதற்குள் வாசகர்கள் லாபம் பார்த்திருந்தார்கள், யாரும் ஓடவில்லை. எண் பேசினால் முகம் தேவையில்லை என்பதற்கு அவர்தான் சாட்சி.

---

பழம்பெருச்சாளி எழுதியது:

தம்பி, அந்தச் செய்திமடல் அவருடைய சொந்தக் கடை. எல்லாப் பரிந்துரையும் அவர் பெயரில்தான் போனது, பாதிப் பெயராக இருந்தாலும். அடிக்குறிப்பு அம்மாவின் பரிந்துரைகள் யார் பெயரில் போகின்றன? ஃபண்ட் மேனேஜர் பெயரில். இதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

30 வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்து, தலைமை முதலீட்டு அதிகாரியாக ஓய்வு பெற்றவன் நான். ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அப்படிப்பட்ட கமிட்டியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். "அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அப்போது அது நேர்மையான பதிலாகத்தான் பட்டது. தெரியாத ஆளைத் தெரியாது என்று சொல்வதில் என்ன தப்பு? ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது என் வேலை என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது. யாரை எனக்குத் தெரிந்திருந்தது என்று யோசித்தால், விமான நிலையத்தில் கூடக் காத்திருந்தவர்கள், ஆட்டத்தைப் பற்றிப் பேசியவர்கள், இரவு உணவுக்குத் தங்கியவர்கள். பெண்கள் அந்த நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். கிளம்பாமல் இருந்தவர்களை நாங்கள் கூப்பிட்டதும் இல்லை.

---

இரண்டாம்_ஆண்டு எழுதியது:

அடிக்குறிப்பு அக்கா, நான் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். உங்கள் பதிவைப் படித்ததும் வயிற்றைப் புரட்டியது. நானும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ரகம்தான். கூட்டம் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்னைப் போன்றவர்களுக்கு இந்தத் துறையில் இடமே இல்லையா?

---

தராசுமுள் எழுதியது:

இடம் இருக்கிறது தங்கச்சி, பயப்படாதே. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை மேசைக்கு அந்தப்பக்கம். ஓய்வூதிய நிதிகளின் பணத்தை எந்த ஃபண்ட் மேனேஜரிடம் கொடுக்கலாம் என்று ஆராய்ந்து சொல்வது. நூற்றுக்கணக்கான மேனேஜர்களைப் பேட்டி எடுத்திருக்கிறேன்.

"எண்களே பேசும்" என்பதில் ஓர் ஓட்டை இருக்கிறது. எண் எவ்வளவு என்றுதான் பேசும், யாருடையது என்று பேசாது. ஃபண்ட் 5 வருடத்தில் பெஞ்ச்மார்க்கை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் சந்தைக் குறியீட்டை, தாண்டியிருக்கிறது, சரி. அதில் எத்தனை பங்கு அந்த மேனேஜர் தேடிப்பிடித்தது, எத்தனை அனலிஸ்ட் கொண்டுவந்தது, எத்தனை போனவர் விட்டுச்சென்றது? அறிக்கையில் இருக்காது. அதனால்தான் பேட்டியில் இப்படிக் கேட்பேன்: "இந்தப் பங்கை வாங்கலாம் என்று முதலில் சொன்னது யார்? எதிர்த்தது யார்? விலை விழுந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள், அப்போது அறையில் யார் இருந்தார்கள்?" அப்புறம் அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தேடிப்பிடித்துப் பேசுவேன். பாதி முடிவு அந்தத் தொலைபேசிப் பேச்சில்தான் நடக்கும்.

இன்னொன்று. மேனேஜரே வேலை மாறினாலும் பழைய பெர்ஃபார்மன்ஸை நினைத்தபடி புதிய நிறுவனத்தின் வரலாற்றோடு ஒட்டவைக்க முடியாது. ஜிப்ஸ் என்கிற உலகளாவிய செயல்திறன் தரநிலைகளைப் படித்துப் பாருங்கள். முடிவெடுத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கூடவே வந்திருக்க வேண்டும், முடிவெடுக்கும் முறை மாறாமல் இருக்க வேண்டும், ஆவணங்கள் கைவசம் இருக்க வேண்டும், நடுவில் இடைவெளி இருக்கக்கூடாது. மேனேஜருக்கே இந்தக் கதி என்றால் அனலிஸ்ட் எதைத் தூக்கிக்கொண்டு போவார்?

ஆட்களைத்தான். உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களை. நெட்வொர்க் என்று நான் சொல்வது அதைத்தான். கையில் கிளாஸுடன் சிரித்துக்கொண்டு நிற்பது வேறு சமாச்சாரம். நீங்கள் 2 வருடத்துக்கு முன்னால் எந்த வங்கியை விற்கச் சொன்னீர்கள், ஏன் சொன்னீர்கள் என்று உங்கள் அலுவலகத்துக்கு வெளியே ஒரே ஒருவருக்காவது தெரியுமா? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

---

அடிக்குறிப்பு எழுதியது:

தராசுமுள், இந்தக் கடைசிக் கேள்வி நேற்று இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை.

கடந்த 5 வருடத்துப் பரிந்துரை நோட்டுகளை எடுத்து அடுக்கிப் பார்த்தேன். நான் சொல்லி ஃபண்டுக்குள் போனவை 23. பெஞ்ச்மார்க்கைத் தாண்டியவை 15. எல்லாவற்றையும்விடப் பெருமைப்படுவது விற்கச் சொன்ன ஒன்றைப் பற்றி. ஒரு நிதி நிறுவனம், எல்லோருக்கும் பிடித்த பங்கு. அடிக்குறிப்பில் ஒரே ஒரு வரி: மறுசீரமைத்த கடன்களை (கட்ட முடியாதவர்களுக்காகத் தவணையையோ வட்டியையோ மாற்றிக் கொடுத்தவை) வேறு தலைப்பின் கீழ் மாற்றிக் காட்டியிருந்தார்கள். போன வருட அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எல்லோரும் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் விற்கச் சொல்லி 6 பக்கம் எழுதினேன். விற்றார்கள். 14 மாதம் கழித்து அந்தப் பங்கு பாதியாகிவிட்டது.

வெளியே யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. முதலீட்டாளர்களுக்குப் போன காலாண்டுக் கடிதத்தில் "எங்கள் ஒழுங்கான ரிஸ்க் அணுகுமுறை" என்று ஒரு வரி இருந்தது. நான் அந்த ஒழுங்கான அணுகுமுறை!

---

பழம்பெருச்சாளி எழுதியது:

ஹா! அந்த வரியை நானும் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியிருக்கிறேன். மன்னிக்கவும்.

---

சிவப்புப்பேனா எழுதியது:

விதிமீறல் நடக்காமல் பார்த்துக்கொள்கிற கம்ப்ளையன்ஸ்காரன் நுழைகிறேன், யாரும் ஓட வேண்டாம்.

நெட்வொர்க்கைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே பேசுகிறீர்கள். எங்கள் மேசைக்கு வருவது அதன் மறுபக்கம். வெளியே வராத உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்ற ராஜ் ராஜரத்தினம் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? 2009 அக்டோபரில் கைது, 2011-இல் 11 வருடச் சிறை. அவருடைய ஹெட்ஜ் ஃபண்டின் (பெரும்பணக்காரர்கள், நிறுவனங்களின் பணத்தைப் போடும் ஃபண்ட்) பலமே ஆட்பழக்கம்தான். எந்த நிறுவனத்தில் யாரைக் கூப்பிட்டால் என்ன தெரியும் என்ற பட்டியல். விசாரணையில் அந்தத் தொலைபேசி உரையாடல்களைத்தான் போட்டுக் காட்டினார்கள்.

ஆராய்ச்சியும் இருக்கிறது. கோயன், ஃப்ரஸ்ஸினி, மல்லாய் மூவரும் 2008-இல் வெளியிட்ட கட்டுரையில், ஃபண்ட் மேனேஜர்கள் தங்களோடு ஒரே கல்லூரியில் படித்த இயக்குநர்கள் இருக்கும் நிறுவனங்களில் அதிகப் பணம் போடுகிறார்கள், அவற்றில் கூடுதல் லாபமும் பார்க்கிறார்கள் என்று காட்டினார்கள். தரகு நிறுவனங்களில் இருந்து பங்குகளைப் பற்றிப் பரிந்துரை எழுதும் செல் சைட் அனலிஸ்ட்டுகளைப் பற்றியும் அவர்கள் பார்த்தார்கள். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு, நிறுவனங்கள் முக்கியத் தகவலைச் சிலருக்கு மட்டும் தனியாகச் சொல்லக்கூடாது என்று விதி வந்தது. அதற்கப்புறம் கல்லூரித் தொடர்பால் வந்த அந்த அனுகூலம் காணாமல் போய்விட்டது. அப்படியென்றால் அதுவரை ஓடியது என்ன என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

---

தராசுமுள் எழுதியது:

சிவப்புப்பேனா சொல்வது நியாயம். ஆனால் அந்த விஷயத்தில் பெண்கள் ஆட்டத்திலேயே இல்லை என்பதற்கும் ஆராய்ச்சி இருக்கிறதே. லிலி ஃபாங், ஸ்டெர்லிங் ஹுவாங் இருவரும் 2017-இல் எழுதியது. கல்லூரித் தொடர்பு இருந்தால் ஆண் அனலிஸ்ட்டின் கணிப்பு மேம்படுகிறது, முதலீட்டாளர்கள் போடும் ஓட்டில் நட்சத்திர அனலிஸ்ட் ஆகும் வாய்ப்பும் கூடுகிறது. பெண்களுக்கும் தொடர்புகள் இருந்தன. ஆனால் பலன் அந்த அளவுக்கு இல்லை. ஒரே கல்லூரி, ஒரே பழைய மாணவர் சங்கம், கிடைப்பது வேறு வேறு.

ஆண்களைப் பார்த்து அப்படியே காப்பியடித்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

---

நள்ளிரவு_மாடல் எழுதியது:

நீங்கள் சொல்வதையே வைத்துக்கொள்வோம். பெண்களுக்கு நெட்வொர்க்கில் பலன் குறைவு. அப்படியானால் அந்த நேரத்தை இன்னொரு நிதிக் கணிப்பு மாடல் போடுவதில் செலவழிப்பதுதானே புத்திசாலித்தனம்? உங்கள் ஆதாரம் என் பக்கம் பேசுகிறதே.

---

கைமாற்று எழுதியது:

நள்ளிரவு_மாடலுக்கு என் சொந்தக் கதையையே பதிலாகச் சொல்கிறேன்.

கடன் பத்திரங்கள் பக்கம் 9 வருடம் இருந்தேன். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு வேலையை விட்டேன். ஒரு வருடம் என்று நினைத்தது மூன்றரை வருடமாகிவிட்டது. திரும்பி வர நினைத்தபோது நெருக்கமான சிநேகிதிகள் ஐந்தாறு பேரைத்தான் முதலில் கேட்டேன். உயிரைக் கொடுக்கிற சிநேகிதிகள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த காலியிடம் எல்லாம் எனக்கும் ஏற்கெனவே தெரிந்தவைதான். எல்லோரும் ஒரே குட்டைக்குள்தானே இருக்கிறோம்.

வேலை வாங்கிக் கொடுத்தவர் யார் தெரியுமா? வாழ்க்கையில் இரண்டு முறை மட்டுமே நேரில் பார்த்த ஒரு பெண்மணி. பல வருடத்துக்கு முன்னால் ஒரு பத்திரத்தின் முன்கூட்டியே மீட்கும் ஷரத்து (காலம் முடியுமுன்பே பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடிப்பது) குழப்பமாக இருக்கிறது என்று பொதுவான ஒரு குழுவில் கேட்டிருந்தார். சலுகை யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து, வட்டி எப்படி என்று ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். எனக்கு அரை மணி நேர வேலை. மறந்தும் போனேன். அவர் மறக்கவில்லை. நான் திரும்ப வேலை தேடுகிறேன் என்று யார் மூலமோ கேள்விப்பட்டு அவரே கூப்பிட்டார். "அன்றைக்கு எழுதினீர்களே, அந்த மாதிரி படிக்கிற ஆள் எங்களுக்கு வேண்டும்" என்றார். இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே இதை எழுதிவிட்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆட்கள் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, அடிக்கடி பார்க்கும் ஆளால் வேலை கிடைத்தது ஆறில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கும் ஆள், அபூர்வமாகப் பார்க்கும் ஆள். 2022-இல் லிங்க்ட்இன் தரவில் சுமார் 2 கோடிப் பேரை வைத்துப் பரிசோதித்ததிலும் ஏறக்குறைய அதேதான் வந்தது. ஒரே திருத்தம், ஒட்டே இல்லாத உறவும் உதவாது, ஓரளவு பழக்கம் இருக்க வேண்டும்.

---

இரண்டாம்_ஆண்டு எழுதியது:

கைமாற்று அக்கா, அப்படியென்றால் நெருங்கிய சிநேகிதிகளால் பிரயோஜனமே இல்லையா? 😟

---

கைமாற்று எழுதியது:

ஐயோ, அப்படிச் சொல்லவே இல்லை கண்ணா. வேலை வந்த பிறகு, எவ்வளவு சம்பளம் கேட்கலாம், அந்த டீமில் யாரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், குழந்தை இருக்கிறது என்று பேட்டியில் சொல்லலாமா வேண்டாமா, இதையெல்லாம் யாரிடம் கேட்பாய்? அந்தப் பெண்மணியிடமா கேட்க முடியும்? சிநேகிதிகளிடம்தான் கேட்டேன். நான் நினைத்திருந்த தொகையைச் சொன்னதும் ஒருத்தி திட்டித் தீர்த்துவிட்டாள். அவள் திட்டியதால்தான் கூட்டிக் கேட்டேன், கொடுத்தார்கள்.

---

தராசுமுள் எழுதியது:

கைமாற்று சொன்ன இந்த இரண்டும் சேர்ந்தால்தான் பெண்களுக்கு வேலை செய்கிறது. எம்.பி.ஏ. மாணவர்களின் மின்னஞ்சல் தொடர்புகளை வைத்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. பலதரப்பட்ட ஆட்களோடு தொடர்பு இருந்த ஆண்கள் நல்ல பதவிக்குப் போனார்கள். பெண்களில் உச்சத்துக்குப் போனவர்களுக்கு அதுவும் இருந்தது, கூடவே மனம்விட்டுப் பேச இரண்டு மூன்று பெண்கள் கொண்ட ஒரு சின்ன வட்டமும் இருந்தது. அந்த வட்டத்துப் பெண்களும் வேறு வேறு ஆட்களைத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். ஒரே ஆட்களையே எல்லோரும் சுற்றிச் சுற்றித் தெரிந்து வைத்திருந்தால் பலனில்லை.

நள்ளிரவு_மாடல், பலன் குறைவு என்பதும் பலனே இல்லை என்பதும் ஒன்றல்ல. உங்கள் மாடலில் இந்தத் தப்பைச் செய்ய மாட்டீர்களே?

---

நள்ளிரவு_மாடல் எழுதியது:

சரி, ஒரு பாயின்ட் உங்களுக்கு. ஆனாலும் கூட்டத்துக்கு வர மாட்டேன்.

---

பழம்பெருச்சாளி எழுதியது:

நெட்வொர்க் என்று பேச்சு வந்தால் எனக்கு ஞாபகம் வருவது மியூரியல் சீபர்ட். 1967 டிசம்பரில் நியூயார்க் பங்குச் சந்தையில் இடம் (அங்கே நேரடியாக வர்த்தகம் செய்யும் உறுப்பினர் உரிமை) வாங்கிய முதல் பெண். எல்லோரும் தைரியசாலி என்பார்கள். தைரியசாலிதான். நான் பார்ப்பது வேறு.

அவர் அப்போது பிரபலமான அனலிஸ்ட். ஆண்களுக்குச் சமமான சம்பளம் எந்த நிறுவனத்தில் கிடைக்கும் என்று தன் வாடிக்கையாளரான ஃபண்ட் மேனேஜர் ஜெரி ட்ஸாயிடம் கேட்டார். எங்கேயும் கிடைக்காது, நீயே ஒரு இடத்தை வாங்கிவிடு என்று அவர் சொன்னார். அந்த யோசனையே ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வந்ததுதான். அப்புறம் முன்மொழிய ஆள் தேடினார். 9 பேர் மறுத்தார்கள். பத்தாவது ஆள் ஒப்புக்கொண்டார். இடத்தின் விலை 4,45,000 டாலர். அதில் 3,00,000 டாலரைக் கடனாகத் தர ஒரு வங்கி சம்மதிக்கிறது என்று கடிதம் கொண்டுவா என்றது சந்தை. சந்தை சேர்த்துக்கொண்டால் கடன் தருகிறோம் என்றன வங்கிகள். அந்த முடிச்சை அவிழ்க்கவே மாதக்கணக்கில் அலைந்தார். உள்ளே போனபோது 1,365 ஆண்கள், அவர் ஒருத்தி.

எனக்கு அந்த 9 பேரைப் பற்றித்தான் யோசனை. அவர்களும் அவர் வேலையைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். "தெரியும், நல்ல அனலிஸ்ட்தான், ஆனால் என் பெயரை எப்படி..." என்று இழுத்திருப்பார்கள். அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள் அம்மா. தன் பெயரைப் பணயம் வைத்து முன்மொழிகிறவர் பத்தில் ஒருவர். உங்கள் நிறுவனத்தில் அந்தப் பத்தாவது ஆள் யார்? கமிட்டியில் உங்களைத் தெரிந்த நாலாவது ஆள் என்ன சொன்னார் என்று கேட்டீர்களா?

---

அடிக்குறிப்பு எழுதியது:

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. மூன்று பேரைப் பற்றியே நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தேன்.

---

சிவப்புப்பேனா எழுதியது:

ஒரு நடைமுறை விஷயம். வெளியே ஆட்களோடு பழக ஆரம்பித்தால் உங்கள் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அவை நிறுவனத்தின் சொத்து. ஃபண்டில் இப்போது இருக்கிற பங்குகளைப் பற்றி வாயே திறக்காதீர்கள். எப்படி யோசிக்கிறீர்கள் என்று பேசலாம், என்ன வாங்குகிறீர்கள் என்று பேசக்கூடாது. எழுதுவதாக இருந்தால் எங்களைப் போன்ற ஆட்களிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். நாங்கள் கடித்துவிட மாட்டோம்.

---

இரண்டாம்_ஆண்டு எழுதியது:

ஒன்று செய்தேன், சொல்லலாமா? போன வாரம் ஒரு கருத்தரங்கு. கூட்டத்தில் போய் நிற்க முடியாது என்பதால் வரிசையில் கடைசியில் உட்கார்ந்து பேச்சாளர் சொன்னதில் எனக்குப் புரியாத ஒரு கணக்கைக் குறித்துக்கொண்டேன். மறுநாள் அவருக்கு நாலு வரியில் மின்னஞ்சல் அனுப்பினேன். "உங்கள் மூன்றாவது வரைபடத்தில் பணவீக்கத்தைக் கழித்திருக்கிறீர்களா?" என்று. கழிக்கவில்லையாம். நன்றி சொல்லித் திருத்திய வரைபடத்தை அனுப்பினார். நேரில் ஒரு வார்த்தை பேசவில்லை. இது நெட்வொர்க்கிங்கில் சேருமா?

---

தராசுமுள் எழுதியது:

தாராளமாகச் சேரும். உன் பெயர் அவருக்கு இனி மறக்காது. திருத்திவிட்ட ஆளை யார் மறப்பார்கள்?

---

அடிக்குறிப்பு எழுதியது (மூன்று வாரம் கழித்து):

தாமதத்துக்கு மன்னிக்கவும், காலாண்டு முடிவுகள் வரும் சமயம். நடந்ததைச் சொல்கிறேன்.

பெருச்சாளி ஐயா சொன்னபடி அந்த நாலாவது ஆளிடம் போனேன். எனக்காகப் பேசினாராம். ஆனால் "அவள் கேட்டதே இல்லையே, அவளுக்கு ஆசை இருக்கிறதா என்றே தெரியாது" என்று மற்றவர்கள் சொன்னபோது அவரிடம் பதில் இல்லையாம். கொஞ்சம் கோபம் வந்தது. அந்த ஜூனியர் மட்டும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாரா என்று கேட்டேன். சிரித்தார். "எழுதவில்லை, ஆனால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தான்" என்றார். அடுத்த இடம் எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் எனக்கு வேண்டும் என்று அவரிடமும் மற்ற மூவரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நாலு பேரிடமும் தனித்தனியாக. மூன்றாமவரிடம் சொல்லும்போது குரல் நடுங்கியது. சொல்லிவிட்டேன்.

சங்கக் கூட்டத்துக்கும் போனேன். முழு நேரமும் இருக்கவில்லை, 40 நிமிடம். கிளம்புகிற நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் முதலீட்டுப் பிரிவில் இருக்கும் ஒரு பெண் பேச்சுக் கொடுத்தார். மறுசீரமைத்த கடன்களை அறிக்கையில் எங்கே தேடுவது என்று பொதுவாகச் சொன்னேன், நிறுவனத்தின் பெயர் எதுவும் சொல்லவில்லை (சிவப்புப்பேனா கவனிக்கவும்). நேற்று அவரிடமிருந்து செய்தி: "நீங்கள் சொன்ன இடத்தில் பார்த்தேன். போன வருடத்துத் தலைப்பும் இந்த வருடத்துத் தலைப்பும் பொருந்தவில்லை. இது தப்பா, வேண்டுமென்றே செய்ததா?"

அறிக்கை பொதுவெளியில் இருப்பதுதான். 312 பக்கம். பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.

---

சிவப்புப்பேனா எழுதியது:

கவனித்தேன். எந்த நிறுவனம் என்று இங்கே போட்டுவிடாதீர்கள்.

---

நள்ளிரவு_மாடல் எழுதியது:

தனிமடலில்?

---

சிவப்புப்பேனா எழுதியது:

அதிலும்தான்.